மாடிப்படி ஏறியவர்கள்

ஷாம் ஷுய் போ, ஹாங்காங்
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று நாலாம் நாளே அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் அது. கடையை இடம் மாற்றுவது பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

இப்போது நீ கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய விஷயம். பாப்பா குங்ஃபூ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறாள், ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்கிறாள். நீதான் அங்கே இரண்டு வருஷமாகப் பழகுகிறாயே, மனுஷன் எதற்கு அதில் போய்ச் சேருகிறான் என்று எழுது என்கிறாய்.

முதலில் உன் நெற்றித் தழும்புக்குக் கணக்கு சொல். ஆறாம் வகுப்பில் விளக்குமாற்றுக் கட்டை இரண்டை வெட்டி, உங்கள் அப்பா சைக்கிளின் பழைய செயினை நடுவில் கோர்த்து நன்சாக்கு செய்தது யார்? முதல் சுற்றிலேயே அது திரும்பி வந்து நெற்றியைப் பிளந்தது. சலூன் சுவரில் ப்ரூஸ் லீ சட்டையில்லாமல் முறைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான் நமக்கு. நாம் பிறந்ததற்கு முந்தின வருஷமே, 1973 ஜூலையில், செத்துப்போன மனுஷன். கோவில்பட்டியில் முடி வெட்ட உட்கார்ந்த பையனை நன்சாக்கு செய்ய வைத்தார். உன்னிடம் அன்றைக்கு "ஏன்டா" என்று கேட்டிருந்தால் நீயும் "சும்மாதான்" என்றுதான் சொல்லியிருப்பாய்.

நான் பழகுவது விங் சுன் என்கிற குங்ஃபூ வகை. பழைய கட்டடத்தின் ஏழாவது மாடி, லிஃப்ட் ஆறு வரைதான் வரும். இந்த வித்தையை ஹாங்காங்கில் பரப்பியவர் இப் மான். 1893இல் ஃபோஷானில் வசதியான வீட்டில் பிறந்தவர். அவர் குருவான சான் வா ஷுன், இப் குடும்பத்தின் குலக்கூடத்தில் இடம் பிடித்து அங்கேதான் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பையன் அதைப் பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டான் என்பார்கள். அடுத்த தெருவில் வேறொரு வாத்தியார் வேறொரு வித்தையை நடத்தியிருந்தால் இப் மான் அதைத்தான் கற்றிருப்பார், இன்றைக்கு நானும் வேறு ஏதோ காலை மடக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

1949 கடைசியில் சீனாவில் ஆட்சி மாறியபோது, சொத்து சுகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் இந்தப் பக்கம் வந்தார். அதற்கு முன்பு வித்தையை விற்றுச் சாப்பிட வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. இங்கே வந்த பிறகு அதுதான் மிச்சம். 1950இல், ஐம்பத்தாறு வயதில், இதே ஷாம் ஷுய் போவில் தாய் நான் தெருவில் இருந்த ஓட்டல் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். (தாய் நான் தெரு! முதல் நாள் பெயர்ப்பலகையைப் பார்த்து நடுரோட்டில் நின்று சிரித்தேன். கூட வந்த சீனனுக்கு விளக்கவும் முடியவில்லை.) முதல் சீடர் லியுங் ஷியுங், அந்தச் சங்கத்துக்காரர், ஏற்கெனவே வேறு குங்ஃபூ பழகியவர். பிறகு சமையல்காரர், சர்வர் என்று ஆள் சேர்ந்தது. சீனாவின் எத்தனையோ வித்தைகளில் தங்களுக்குப் பொருத்தம் எது என்று அவர்கள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார்கள் என்றா நினைக்கிறாய்? வாத்தியார் சங்கத்திலேயே இருந்தார். வேலை முடிந்து கை கழுவியதும் போகலாம்.

வோங் ஷுன் லியுங் வந்த கதை வேறு. குத்துச்சண்டை பழகிய, இருபதுகூட ஆகாத பையன். இந்தக் கிழவரைத் தட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் படியேறினான். கிழவர் அவனைச் சுவர் மூலையில் ஒதுக்கி நிறுத்திவிட்டார். அப்படியே சீடன் ஆனான். அந்தக் காலத்தில் இங்கே ஒரு பள்ளிக்காரனும் இன்னொரு பள்ளிக்காரனும் மொட்டை மாடியில் யாருக்கும் தெரியாமல் மோதிக்கொள்வார்கள். அதில் பெயர் எடுத்த ஆள் வோங். பள்ளிக்கூட வயதில் தெருச்சண்டையில் மாட்டிக்கொண்டு திரிந்த ப்ரூஸ் லீ இப் மானிடம் வந்து சேர்ந்தாலும், அதிகம் பழகியது இந்த வோங்கிடம்தான். வோங் பிற்காலத்தில் சொன்ன ஒரு கதை எனக்குப் பிடிக்கும். லீ சீக்கிரமே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு, ஏறி வருகிறவர்களிடம் "இன்றைக்கு வகுப்பு இல்லையாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவானாம். தானும் இறங்கிப் போகிற மாதிரி நடித்துவிட்டு, திரும்பி வந்து வாத்தியாரைத் தனியாகப் பிடித்துக்கொள்வானாம். சலூன் சுவரில் நின்றவர் இந்தக் கள்ளப் பயல்தான்.

ஊரே கிளம்பி வந்த காலமும் ஒன்று உண்டு. 1954 ஜனவரியில் தாய் சி வாத்தியார் ஒருவரும் வெள்ளைக் கொக்கு என்கிற குங்ஃபூ வகை வாத்தியார் ஒருவரும் மேடையில் மோதினார்கள். ஹாங்காங்கில் நடத்த முடியாது என்பதால் பக்கத்து மக்காவ் நகரில். தாய் சி வாத்தியார் ஐம்பதைத் தாண்டியவர், மற்றவர் முப்பதுகளில் இருந்தவர். இரண்டாவது சுற்றோடு நிறுத்தி, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை சமமும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதன் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பாதி நேரம் இரண்டு பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிடுவதுபோல இருக்கும், சேவல் சண்டையே தேவலாம். ஆனால் அன்றைக்கு ஊருக்கு அதுதான் பேச்சு. மூன்றே நாளில் ஒரு மாலைப் பத்திரிகை லியாங் யூஷெங் என்பவரை வைத்து வீரக்கதைத் தொடர் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அதே பத்திரிகையில் ஜின் யோங் என்பவரும் வீரக்கதை எழுத வந்தார். அகதியாக வந்து தகரக் கொட்டகையில் படுத்திருந்த ஜனம் மாலையில் அதை வாசித்துவிட்டு மறுநாள் குங்ஃபூ பள்ளிக்கு வழி கேட்டது. அந்த ஜனத்தை நினைத்து நான் சிரிக்க மாட்டேன். முந்தின மாதம், 1953 கிறிஸ்துமஸ் இரவில், ஷெக் கிப் மெய் குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். ஒன்றும் இல்லாதவனிடம் கையும் காலும் மட்டும் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்கத்தானே தோன்றும்?

உன் மச்சினன் இந்த இடத்தில் போதிதர்மரைக் கொண்டுவருவார், எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்திலிருந்து போனவர்தான் சீனாவின் ஷாவோலின் மடத்துக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிற நூல் அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் பிறகு, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று சொல்லிவிடு. கோபித்துக்கொண்டால் நான் வந்து சமாதானம் செய்கிறேன்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். நன்றாகச் சண்டை போட வந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் இப் மானைப் பற்றி 2008இல் வந்த சினிமாவைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொல்கிறான். நர்ஸ் ஒருத்தி, இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறவள், "கால் வலிக்கு" என்று சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை. எனக்குப் பிடித்தவர் அறுபது தாண்டிய மினிபஸ் டிரைவர். அவர் வண்டியின் கடைசி நிறுத்தம் எங்கள் கட்டடத்துக்குக் கீழேதான். மேலே மரப் பொம்மையில் அடித்துப் பழகுகிற 'டொக் டொக்' சத்தம் தினமும் காதில் விழுமாம். ஐந்து வருஷம் அதைத் தச்சுப்பட்டறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் உடைந்த ஸ்டூலைச் சரிசெய்யத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். ஸ்டூல் இன்னும் உடைந்தபடி எங்கள் மூலையில்தான் கிடக்கிறது, அவர் எனக்கு அண்ணன் முறை. இங்கே வயதைப் பார்க்க மாட்டார்கள், யார் முதலில் சேர்ந்தாரோ அவர் அண்ணன். அந்தக் கல்லூரிப் பையனும் எனக்கு அண்ணன்தான்.

பழகுவது எப்படி என்றும் கேட்டிருந்தாய். முதல் பாடத்தின் பெயர் 'சியு நிம் தாவ்'. சின்ன எண்ணம் என்று அர்த்தம். நின்ற இடத்தை விட்டு நகராமல் கைகளை மட்டும் அசைக்க வேண்டும், முதல் பகுதி ஆமை வேகம். நிற்கிற விதத்துக்கு ஆட்டைத் தொடைக்குள் இடுக்கிப் பிடிப்பது என்று பெயர். சிஃபு, அதாவது எங்கள் வாத்தியார், இதை ஆங்கிலத்தில் எனக்கு விளக்கப் பாடுபட்டார். எனக்கு விளக்கவே வேண்டாம். மருந்து புகட்டும்போது தாத்தா ஆட்டைப் பிடிப்பார் அல்லவா, முட்டி இரண்டும் உள்ளே சேர்ந்து பாதம் உள்வாங்கி, அதேதான். முதல் நாளே சரியாக நின்றேன். அன்றைக்கு வாங்கிய பாராட்டுதான், அதற்குப் பிறகு இன்று வரை திட்டுதான். இன்னொன்று 'சி சாவ்', ஒட்டிய கை. இரண்டு பேரும் முன்கைகளை ஒட்ட வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிராளி தள்ளப் போகிறாரா விடப் போகிறாரா என்பதைக் கண்ணுக்கு முன் தோல் கண்டுபிடிக்க வேண்டும். நம் தோல் இத்தனை மந்தம் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொள்வது பெரிய அவமானம்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. சர்க்கரைக்காக என்று முன்பு எழுதியதை நம்பிவிட்டாய் போல. ஆபீஸிலும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கரை இருப்பது நிஜம். ஆனால் காரணம் அது இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நாங்கள் குடியிருக்கிற கட்டட லிஃப்டில் நானும் என் மனைவியும் வந்துகொண்டிருந்தோம். குடித்திருந்த ஒருவன் ஏறினான். எதற்கோ கத்தினான், எங்களைப் பார்த்துத்தானா என்றுகூடத் தெரியாது. சட்டென்று கையை ஓங்கினான். நான் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தது எங்கே என்றால், அவளுக்குப் பின்னால். அவன் அடிக்கவில்லை. அடுத்த மாடியில் கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் தோசைக்கல்லைப் போட்டாள். இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அந்த ஆறாவது மாடிக்குப் பிறகு நடந்து ஏறினேன். ரொம்பத் தூரம் போக வேண்டாம் என்று இருந்ததால் இந்தப் பள்ளி. இதைவிடப் பக்கத்தில் ஸாக்ஸபோன் வகுப்பு இருந்தது, ஆனால் அதற்கும் லிஃப்டுக்கும் சம்பந்தமில்லை.

இன்றைக்கு அவன் மறுபடி கை ஓங்கினால் என்ன செய்வேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்போது லிஃப்டில் ஏறினால் முன்னால் நிற்கிறேன். அதை அவள் கவனித்திருக்கிறாளா என்றும் தெரியாது.

அதனால்தான் பாப்பாவின் "சும்மாதான்" என்னை உறுத்துகிறது. ஒருவேளை நிஜமாகவே சும்மாவாக இருக்கலாம், தோழி ஒருத்தி சேர்ந்திருப்பாள், இவளும் கேட்கிறாள். ஒருவேளை பஸ் ஸ்டாப்பில் எவனாவது நிற்கலாம். விங் சுன் பிறந்ததாகச் சொல்லும் கதையே அதுதான். யிம் விங் சுன் என்ற பெண்ணை, டோஃபு விற்கிறவர் மகளை, ஒரு ரவுடி கட்டிக்கொள்ளச் சொல்லி மிரட்டுகிறான். எங் முய் என்ற பிட்சுணி அவளுக்கு வித்தை கற்றுக்கொடுக்கிறாள். அவள் அவனை அடித்து விரட்டுகிறாள். வரலாற்றில் அப்படி ஒருத்தி இருந்ததற்குத் தடயம் ஒன்றுமில்லை, சும்மா கட்டிய கதையாகத்தான் இருக்கும். ஆனாலும் மீசைக்காரத் தளபதி யாரையும் தேடாமல் டோஃபுக் கடைப் பெண்ணின் பெயரை ஒரு வித்தைக்கு வைத்தார்கள் பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ அவளிடம் இன்னொரு தடவை காரணம் கேட்காதே. தங்கச்சியை விட்டு, சமையலறையில் கை வேலையாக இருக்கும்போது, "யாராவது தொந்தரவு பண்றாங்களாடி" என்று ஒரே ஒரு தடவை கேட்கச் சொல். இல்லை என்றால் நம்பிவிடு. மதுரையில் குங்ஃபூ என்று போர்டு போட்டவர் உள்ளே கராத்தேயோ பாதி சிலம்பமோ நடத்தலாம், அதில் தப்பில்லை, ஆனால் சேர்ப்பதற்கு முன் அவளோடு போய் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார். சுவரில் உள்ள கோப்பைகளைப் பார்க்காதே. பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், புதுசாகச் சேர்ந்தவனுக்கு வலித்தால் வாத்தியார் முகம் எப்படி ஆகிறது, இது இரண்டையும் பார். வருஷக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. திரும்பும்போது கடலை மிட்டாய் மூன்று கிலோ கட்டித் தர வேண்டும். போன தடவை கொண்டுவந்ததில் அரை கிலோவை டிரைவர் அண்ணனே மினிபஸ்ஸில் வைத்துத் தின்று தீர்த்துவிட்டார். சிஃபுவுக்குத் தனியாக ஒரு டப்பா போடு. எழுபது வயதிலும் பல் எல்லாம் சொந்தப் பல்தான்.

உன்,
கடைசி பெஞ்ச் கூட்டாளி