செல்லை வரைந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கு அருகே மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தாவர செல்லின் அமைப்பை நம் வகுப்பறைகள் கோட்டுப்படத்தோடு முடித்துக்கொள்வது பற்றி எழுதுகிறேன். ஒரு கட்டம், அதற்குள் உட்கரு, ஓரத்தில் நாலைந்து பசுங்கணிகம் என வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அதே மாணவரிடம் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றை நீட்டினால், எது சுவர், எது வாக்குவோல் (செல்சாறு நிறைந்த பை) என்று தெரியாமல் விழிக்கிறார்.

பணியின் கடைசி ஆண்டில் இலைச்செல்லின் அத்தகைய படம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உட்கருவையே காணோமே சார், இது செத்துப்போன செல்லா?" என்றாள். அதைவிட நல்ல கேள்வி அந்த ஆண்டில் என் காதில் விழவில்லை. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக இலையை ஏறத்தாழ 60 முதல் 90 நானோமீட்டர் கனத்துக்குச் சீவுகிறார்கள். இலைச்செல்லோ பல்லாயிரம் நானோமீட்டர் அகலமுடையது என்பதால், ஒரு சீவல் உட்கருவைத் தொடாமலே போய்விடக்கூடும். நுங்கு வெட்டுவதைச் சொன்னதும் வகுப்புக்கே விளங்கிவிட்டது. அரிவாள் மேலாக விழுந்தால் நார்தான் தெரியும். சற்று இறங்கி விழுந்தால்தான் கண்கள் தெரியும்.

அந்தப் படத்தில் நடுவே வெளிறிக் கிடந்த பெரிய பரப்பைக் கிழிசல் என்றே பலர் நினைத்தனர். முதிர்ந்த செல்லின் பெரும்பகுதியை வாக்குவோல் அடைத்துக்கொண்டு பசுங்கணிகங்களைச் சுவரோரம் ஒதுக்கிவிடுவதைக் கோட்டுப்படம் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. அதில் வெறும் பச்சைப் புள்ளியாக இருந்த பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டுகள் என்னும் தட்டையான சவ்வுப் பைகள் காசு அடுக்கியதுபோல் கிரானா என்னும் அடுக்குகளாக நிற்பதை இந்தப் படத்தில்தான் பார்க்க முடியும். எலக்ட்ரான் படத்துக்கு இயல்பில் நிறமே கிடையாது, புத்தகத்தில் காணும் வண்ணங்கள் பிறகு ஏற்றப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மைட்டோகாண்டிரியா சிவப்பு என்றே பிள்ளைகள் எழுதுவார்கள், எழுதியும் இருக்கிறார்கள்.

இதற்குப் பள்ளியில் அந்தக் கருவி தேவையில்லை. உண்மையான அளவைக் கணக்கிட உதவும் அளவுகோல் கோடு தெளிவாகத் தெரியும் நல்ல அச்சுப்படங்கள் போதும். பாக் நீரிணைக் கரையில் ஒதுங்கும் கடற்புல்லை எடுத்துக்கொள்ளலாம். நிலத்துத் தாவரங்கள் பலவற்றின் புறத்தோலில், இலைத்துளையைச் சூழ்ந்திருக்கும் காப்புச்செல் தவிர மற்றவற்றில் பசுங்கணிகம் அரிது. கடற்புல்லிலோ இலைத்துளையே இல்லை, புறத்தோல் முழுக்கப் பசுங்கணிகம் நெருங்கிக் கிடக்கும். அதைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்த கையோடு, அதே வகைச் செல்லின் எலக்ட்ரான் படத்தையும் மாணவர் மேசையில் வைக்கலாம். செய்முறைத் தேர்வில் ஒரு படத்தையேனும் கொடுத்து, அளவுகோலைக் கொண்டு பசுங்கணிகத்தின் நீளத்தைக் கணக்கிடச் சொல்லுமாறு கல்வித்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.