மோர்ட்டராட்ச் பார்க்கப் போகிற கயலுக்கு

அன்புள்ள கயல்,

சுவிட்சர்லாந்தில் மோர்ட்டராட்ச் பனியாற்றைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். செப்டம்பரில் போ. மேலே கிடக்கும் குளிர்காலப் பனி கரைந்து, அடியிலிருக்கும் பனிக்கட்டி வெளியே தெரியும் காலம் அது.

பெர்னினா ரயிலில் மோர்ட்டராட்ச் நிலையத்தில் இறங்கி நடந்தால், வழிநெடுக ஆண்டு எழுதிய பலகைகள் வரும். அந்தந்த ஆண்டில் பனியாற்றின் நுனி அங்கே இருந்தது. 1878-லிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. பின்வாங்கிவிட்டது. பலகையோடு நின்றுவிடாதே, பக்கவாட்டில் நிமிர்ந்து பார். பள்ளத்தாக்கின் சரிவில் உயரத்தில் ஒரு கோடு ஓடும். மேலே புல், கீழே வெளிறிய கல்லும் மண்ணும். 1850 வாக்கில் பனி அந்தக் கோடுவரை நிறைந்து கிடந்தது. இடப்பக்கமிருந்து வந்து சேர்ந்த பெர்ஸ் பனியாறும் மெலிந்து மெலிந்து 2015-ல் பிரிந்துபோனது.

நீளத்தைவிடத் தடிமன் குறைவதுதான் எனக்குக் கவலை. மேலிருந்து பனி நகர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆவதால் வெப்பம் கூடினால் நுனி தாமதமாகத்தான் பதில் சொல்லும். தடிமன் அந்தந்த ஆண்டே கணக்குக் காட்டிவிடும். 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் 10 சதவீதத்தை இழந்தன.

அளப்பது எளிது. நீராவியால் பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக் கம்பத்தை இறக்குவார்கள். கோடை முடிவில் வெளியே நீண்டிருப்பதிலிருந்து முதலில் நீண்டிருந்ததைக் கழித்தால் உருகிய தடிமன் கிடைக்கும். 1 மீட்டர் பனிக்கட்டி உருகினால் சுமார் 90 செ.மீ. தண்ணீர். கம்பம் வெயிலில் சூடேறி, அதைச் சுற்றிச் சின்னக் குழி விழும். குழியின் அடியிலிருந்து அளந்தால் கணக்கு கூடிவிடும். அதனால் குழியின் மேல் ஒரு பட்டையைக் கிடையாக வைத்து, அதிலிருந்து அளக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் கோடை நடுவிலேயே கம்பம் சாய்ந்துவிடும். அந்த ஆண்டுக் கணக்கே போய்விடும்.

பனிமேல் கிடக்கும் கற்களைக் குனிந்து பார். மெல்லிய தூசி வெயிலை உறிஞ்சி உருக்கத்தைக் கூட்டும். பெரிய கல்லோ தன் அடியிலிருக்கும் பனிக்கு நிழல் தரும். சுற்றிலும் உருகி இறங்க, கல் மட்டும் பனிக்கால்மேல் மேசைபோல நிற்கும்.

நுனியில் தண்ணீர் வெளிவரும் குகைவாய்க்குள் மட்டும் போகாதே. அதன் கூரை சொல்லாமல் விழும். மதியத்துக்குமேல் ஓடை பெருகும், கல் தாண்டிப் போன இடத்தில் திரும்பி வர வழி இருக்காது. காலையிலேயே கிளம்பு.

அன்புடன்,
அக்கா