கார்டைக் கொடுத்தீர்கள், பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தீர்களா?

திருநெல்வேலி மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வங்கிக் கிளை மேலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. பீடிக் கூலியும் மகளிர் உரிமைத்தொகையும் வங்கிக் கணக்கில்தான் விழுகின்றன. இரண்டாயிரம் ரூபாய்க்குச் சலான் எழுதிக்கொண்டு கவுண்டருக்கு வந்தால், 'ஏடிஎம்மில் போய் எடுங்கள்' என்று திருப்பி அனுப்புகிறீர்கள். அதற்காகவே ஆளுக்கொரு கார்டையும் கையில் திணித்திருக்கிறீர்கள். அதை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவர், உரிமைத்தொகை வந்த அன்று ஏடிஎம்முக்குப் போனார். காவலாளி இல்லாத அறை. திரையில் வருவதைப் படித்து முடிப்பதற்குள் அது மாறிவிட, பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் 'நான் எடுத்துத் தருகிறேன், ஆச்சி' என்று கார்டை வாங்கிக்கொண்டான். பின் நம்பரைக் கேட்டான், சொன்னார். ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கார்டையும் திருப்பிக் கொடுத்தான். அது அவருடைய கார்டு இல்லை. அதே வங்கி, அதே நிறம், பெயர் மட்டும் வேறு. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஆச்சி தினத்தந்தியைத் தலைப்பு முதல் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். ஆங்கில எழுத்து தெரியாது.

பேத்தியின் சடங்குக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பன்னிரண்டாயிரம் ரூபாயும் அன்று மாலைக்குள் போய்விட்டது. செல்போனுக்குக் குறுஞ்செய்திகள் வந்திருக்கின்றன. அவையும் ஆங்கிலம். ரீசார்ஜ் முடியப்போகிறது என்று வரும் செய்தியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்த மாதம் பாஸ்புக்கில் பதிவு போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று நானும் உடன் போயிருந்தேன். புகையிலைத் தூள் படிந்த விரல்களால் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த அந்நியக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்ட முதல் கேள்வி: 'பின் நம்பரை ஏன் சொன்னீர்கள்?'

ஐயா, விதி எனக்கும் தெரியும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பின் நம்பரைப் பிறரிடம் சொல்லி ஏற்படும் இழப்பு, புகார் கொடுக்கும் வரை வாடிக்கையாளருடையதே. அதே சுற்றறிக்கை வேறு சிலவற்றையும் சொல்கிறது. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியாள் செய்யும் மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், ஆச்சியைப் போன்றோரின், குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. இந்தப் பொறுப்பு விவரங்களைக் கணக்குத் தொடங்கும்போதே தெரிவிக்க வேண்டியதும் வங்கிதான். எந்தக் கிளையில் யாரிடம் தெரிவித்தீர்கள்? நாள் கணக்கு வங்கியிலிருந்து தகவல் வந்ததிலிருந்து ஓடத் தொடங்குகிறது. படிக்கத் தெரியாத மொழியில் ஒரு வரியை அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து நாளை எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். கார்டைக் கொடுக்கும் அன்றே, பத்து நிமிடம் உட்காரவைத்துத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பெரிய பாடம் ஒன்றுமில்லை. கார்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது, வங்கி ஊழியர் என்று சொல்பவரிடமும் பின் நம்பரைச் சொல்லக் கூடாது, ஒரு கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்த வேண்டும், கார்டு தொலைந்தாலோ பணம் போனாலோ அந்த நிமிடமே வங்கிக்கும், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் அழைக்க வேண்டும். கார்டின் பின்புறம் அழியாத மையில் அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்; மாற்றிக் கொடுத்தால் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு வரம்பு வைத்துக் கொடுங்கள். கார்டுக்கு வரம்பு வைக்கவும், இணையப் பரிமாற்றத்தையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் மூடி வைக்கவும் வழி செய்யுமாறு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. கிளையிலேயே இதைச் செய்து தரவும் அதில் இடம் உண்டு. ஸ்மார்ட்போனும் செயலியும் இல்லாதவர்களுக்குக் கிளையை விட்டால் வேறு யார்? ஆச்சியின் கார்டில் நாளுக்கு இரண்டாயிரம் என்று வரம்பு இருந்திருந்தால், ஆயிரத்தை எடுத்த பிறகு அன்று மேலும் ஆயிரம்தான் போயிருக்கும்.

சொல்லிக்கொடுக்காமல் விட்டது இது ஒன்று மட்டுமா? ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால், ஐந்து நாட்களுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும். தாண்டினால் கேட்காமலேயே நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று 2019-லேயே உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த நூறு ரூபாயைப் பற்றிக் கேள்விப்பட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக்குத் தனிக் கட்டணம் என்று பிடிப்பதில் மட்டும் ஒரு நாள் தவறுவதில்லை. அச்சிட்ட படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் 'தீர்ந்துவிட்டது' என்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் கிளை நடத்திக்கொண்டு தமிழ்ப் படிவம் இல்லை என்று சொல்ல மனம் எப்படி வருகிறது?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறையில் உங்கள் ஊழியர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கினால்கூடப் போதும். பீடிக் கடைக்குத் தட்டோடு வரும் பெண்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்களைத் திரட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களிடம் பணிவோடு வேண்டுவது: இனி கொடுக்கும் ஒவ்வொரு கார்டையும் வரம்பு வைத்து, தமிழில் சொல்லிக்கொடுத்துக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்களையும் அழைத்துச் சொல்லிக்கொடுங்கள். அதுவரை, சலானோடு வரும் வயதானவர்களுக்குக் கவுண்டரிலேயே பணம் கொடுங்கள். இதில் எதைச் செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதை அடுத்த உரிமைத்தொகை நாளுக்குள் ஒவ்வொரு கிளையின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் எழுதி ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் வட்டார வாடிக்கையாளர் ஒருவர்