ஸ்பொஞ்சை அவித்தால் போதாது

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு

அன்புள்ள சுகந்தி,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. ஏச்சை நேரில் வாங்கிக்கொள்கிறேன். மாமிக்கு மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கியதாக ராணியக்கா சொன்னா. அதுதான் உன்ர குசினிச் சுத்தம் பற்றி உடனே எழுதுகிறேன். போனில் சொன்னால் "ஓமோம்" என்றுவிட்டு மறந்துபோவாய்.

முதலில் உன்ர பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச். கிழமைக்கு ஒருக்கா அவித்து மாதக்கணக்கில் பாவிக்கிறாய். அழிறப்பரைக் கடுகளவு ஆகும்வரை வைத்திருந்தவள்தானே! 2017இல் ஜெர்மனியில், வீடுகளில் பாவித்த 14 ஸ்பொஞ்சுகளை ஆராய்ந்தார்கள். நெருக்கமான இடங்களில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் 5,000 கோடி பக்ரீரியா வரை இருந்தன. அடிக்கடி சுத்தம் செய்தவற்றிலும் எண்ணிக்கை குறையவில்லை. அவிக்கும்போது பெரும்பகுதி சாகும். தப்பியவை ஈரமும் சோற்றுப்பசையும் இருக்கும் அதே ஓட்டைகளில் திரும்பப் பெருகும். கொழும்புப் புழுக்கத்தில் ஸ்பொஞ்சின் உள்பக்கம் காய்வதே இல்லை. ஆகவே கிழமைக்கு ஒன்று, பழையது குப்பைக்கு. அதைவிட நல்லது பிளாஸ்ரிக் நார் பிரஷ்: தண்ணி வடிந்து சீக்கிரம் காயும். சிங்குக்குள் கிடத்தாமல் கொழுவி விடு. மேசை துடைக்கும் துணியை ஒவ்வொரு நாளும் மாற்று.

அடுத்தது கோழி. பைப்பின் கீழ் பிடித்துக் கழுவாதே, சுகந்தி. தெறிக்கிற துளியோடு கம்பைலோபக்டர் என்ற வயிற்றோட்டக் கிருமி பக்கத்திலிருக்கும் சலாட் கோப்பைக்கும் போகும். கழுவுவதால் கிருமி போகாது. உள்ளே 75 பாகை சூடேறினால்தான் சாகும். பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வை. வெட்டியதும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவு, பிறகுதான் பிளீச். கொழுப்பும் இரத்தமும் இருந்தால் குளோரின் அவற்றோடேயே செலவாகிவிடும். வாசனை சேர்க்காத 5 வீத பிளீச்சில் 4 மில்லிலீற்றர், ஒரு லீற்றர் தண்ணியில். சில நிமிடம் ஊறவிட்டு அலசிக் காயவை. அன்றன்றைக்குக் கலக்கு, மறுநாள் வீரியம் இருக்காது. வினாகிரியோ கக்கூஸ் கழுவும் அசிட்டோ அதோடு சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கீமோ ஏற்றி ஒன்று, இரண்டு கிழமைக்குள் வெள்ளையணுக்கள் நன்றாகக் குறையும். உனக்கு வயிற்றோட்டத்தோடு போகிற கிருமி மாமிக்கு உயிராபத்து. வீட்டில் தேர்மோமீற்றர் இருக்கிறதா? 38 பாகை காட்டினால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திராதே. நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அடுத்த இரத்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
வசந்தி