சாட்சி கேட்பதற்கு முன்னால்

நெல்லைச் சீமையின் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். பதினெட்டு வருஷமாக வகுப்பெடுக்கிறேன். முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். ஒரு பிசான நெல் சாகுபடியில் களை பறிக்கும்போது, சில தூர்களில் குருத்து வெங்காயத்தாள் மாதிரி குழலாகி வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயின் வேலை. வரப்பில் நின்ற வயல்காரரிடம், "ஐயா, ஆனைக்கொம்பன் விழுந்திருக்கு" என்றார். "நீ களையப் பாரு" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் அப்படி ஒரு தூரைப் பிடுங்கிக் காட்டி, அதே பெயரைச் சொன்னார். மறுநாளே மருந்து வந்தது. அம்மா முன்பே சொன்னது யாருக்கும் நினைவில்லை.

நாள் முழுக்கக் குனிந்து பயிரையே பார்க்கிறவருக்குப் பூச்சி விழுந்தது முதலில் தெரிவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் எங்கள் ஊரில் வரப்பில் யார் நிற்பது, சேற்றில் யார் நிற்பது என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. யார் சொன்னால் காதில் ஏறும் என்பதும் அதோடு சேர்ந்தே தீர்மானமாகிவிட்டது.

1999 ஜூலை 23 உங்களுக்கும் நினைவிருக்கும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் விடாமல் அடித்தார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது விசாரணை ஆணையம். நம் ஊர் ஆற்றில் நீச்சல் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பட்டப்பகலில் ஏன் ஓடிப்போய் விழுந்தார்கள் என்பதை, விழுந்தவர்களைத் தவிர யார் சொல்ல முடியும்?

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம் நம் மாவட்டத்து நாங்குநேரியில் நடந்தது. 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த அந்தத் தலித் மாணவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். கேட்ட பிறகுதான் கூடப் படிப்பவர்கள் படுத்தியதைச் சொன்னான். அப்புறம் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள், தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன் அவன் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. சொன்னால் நம்புவார்களா, நம்பினாலும் அதற்கு என்ன விலை என்று ஒரு பிள்ளை தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

அந்தக் கணக்கை என் வகுப்பிலும் ஒருவன் போட்டான். சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம் வந்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "யார்டா பாத்தா?" கொஞ்ச நேரம் நின்றான். "விடுங்க டீச்சர்" என்று போய்விட்டான். அன்று சாயங்காலம் பேனா காணோம் என்று இன்னொரு பையன் வந்தான். அவனிடம் நான் சாட்சி கேட்கவில்லை. அவன் அப்பாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவை வரப்பிலிருந்து அதட்டிய குரல் என் தொண்டையிலும் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது, சரி. கயிற்றை அவிழ்த்துவிடலாம். நம் காதுக்கு ஒரு பயிற்சி வேண்டும். நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தப் பிள்ளை வந்து சொன்னாலும் அவன் வாயிலிருந்து வந்த சொல்லிலேயே தேதியோடு எழுதி, அவனுக்கே வாசித்துக் காட்டுகிறேன். அது அவனுக்குத் தெரியாமல் யார் கைக்கும் போகாது. விசாரணை, சாட்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் திருப்பி அனுப்பிய பிள்ளையின் பெயரை எழுதி, அவனைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன சொல்ல வந்தான் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு டீச்சர்