ஞாயிறு கூட்டம்: மெமரி சிப் விலை

நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு (14-ம் தேதி) மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் நம் மாதக் கூட்டம். இந்த முறை ஒரே விஷயம்தான், மெமரி சிப். போன வாரம் மகனுக்கு ரேம் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். "காலையில் சொன்ன விலை சாயந்திரம் இருக்காது சார்" என்று கடைக்காரர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டார். ஏன் இப்படி என்று பேசுவோம்.

1. அமெரிக்க மெமரி சிப் நிறுவனமான மைக்ரானின் ஆண்டு விற்பனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2022 நிதியாண்டில் சுமார் 3,076 கோடி டாலர். 2023-ல் சுமார் 1,554 கோடி, ஏறக்குறைய பாதி! 2025-ல் சுமார் 3,738 கோடி. தட்டுப்பாடு வந்தால் எல்லோரும் ஆலையைப் பெரிதாக்குவார்கள், அப்புறம் சரக்கு தேங்கி விலை சரியும். இந்தத் தொழிலின் ஜாதகம் அப்படி.

2. ஏ.ஐ. சர்வர்களுக்கான எச்.பி.எம் (தகவலை மிக வேகமாகக் கொடுத்து வாங்கும் மெமரி) சிப்பைப் பெரும்பாலும் எஸ்.கே. ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் மூன்றும்தான் செய்கின்றன. ஆலையை அதற்குத் திருப்பினால் சாதாரண ரேமுக்கு இடம் குறையும். இதைப் பற்றி 10 நிமிடம் பேச ஒருவர் தேவை. பெயர் கொடுங்கள்.

3. மற்ற நிறுவனங்களுக்கு சிப் செய்து கொடுக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி மாதந்தோறும் 10-ம் தேதி வாக்கில் விற்பனைக் கணக்கை வெளியிடும். அதையும் பாருங்கள்.

4. "எந்தப் பங்கை வாங்கலாம்?" வேண்டாம். போன கூட்டத்தில் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

வருபவர்கள் வெள்ளி இரவு 9 மணிக்குள் "வருகிறேன்" என்று எழுதுங்கள். கட்டைவிரல் படம் கணக்கில் வராது.