தர்மத்துக்கு மதிப்பெண் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லது கெட்டதைப் பிரித்துக் காட்டாத வீடியோ கேம்கள் பிள்ளைகளைக் குழப்பிவிடும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை சொல்கிறது. பிரித்துக் காட்டிவிடும் கேம்தான் யோசிக்கவே விடுவதில்லை என்பது எங்கள் வாதம்.

'மாஸ் எஃபெக்ட் 2'இல் (2010) நல்லவன் புள்ளி, முரடன் புள்ளி என இரண்டு கணக்கு. ஒரு பக்கம் புள்ளி குவிந்தால்தான் சில வசனங்கள் திறக்கும். ஆகவே பலரும் ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, பிறகு வசனத்தைப் படிக்காமலே திரையில் அந்தப் பக்கத்து வசனம் வரும் அதே மூலையை அழுத்துகிறார்கள். 'பயோஷாக்' (2007) வேறு விதமாகச் சறுக்கியது. ஆற்றல்களை வாங்க உதவும் 'ஆடம்' என்ற பொருள், ஆட்டத்தில் எதிர்ப்படும் ஒரு சிறுமியைக் காப்பாற்றினால் 80, பலிகொடுத்தால் 160. ஆனால் மூவரைக் காப்பாற்றியதும் 200 ஆடம் பரிசாக வந்துவிடுகிறது. மூவருக்கும் கூட்டிப் பார்த்தால் காப்பாற்றியவருக்கு 440, பலிகொடுத்தவருக்கு 480. இதில் தியாகம் எங்கே?

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) இதைச் சரியாகச் செய்தது. நீங்கள் எல்லைச் சாவடி ஊழியர். கணவரின் தாள்கள் சரி. பின்னால் நிற்கும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. அன்றைய முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து சம்பளப் பிடித்தம். கவனக்குறைவால் அந்த இரண்டையும் தொலைத்தவருக்கு, இரக்கம் காட்டினால் வீட்டு வாடகையில் கை வைக்கும்.

நம் டெல்டாவிலேயே இதற்குக் கதை கிடக்கிறது. ஆட்டக்காரர் ஒரு பாசன லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர். வாய்க்காலின் மேல்மடையில் பால் பிடிக்கும் குறுவை. கீழே கடைமடையில், தலைஞாயிறு பக்கம் நேரடி விதைப்புச் சம்பா கருகுகிறது. முறைத் தண்ணீர் ஒருவருக்குத்தான் போதும். மாணவர்கள் இதை எழுதினால் மேல்மடைக்காரருக்கு முறுக்கு மீசை வைத்துவிடுகிறார்கள். அத்தோடு ஆட்டக்காரர் யோசித்துத் தேர்ந்தெடுப்பது செத்தது. அவருக்கும் நகைக்கடன் இருக்கட்டும். மதகை இறக்கியதும் விளைவைக் காட்டாதீர்கள். காட்டினால், முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பி மாற்றிக்கொள்வார்கள். அறுவடைக் காட்சியில்தான் தெரிய வேண்டும். ஐந்து இருவழித் தேர்வுகளை முழுக்கப் பிரித்துக்கொண்டே போனால் 32 முடிவுகள் எழுத வேண்டிவரும், சிறிய குழு தாங்காது. கிளைகளை மறுபடி சேர்த்துவிட்டு, யார் பேசுகிறார், யார் முகம் திருப்புகிறார் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பிறகு பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது பேர் ஒரே மதகைத் திறந்தால், தண்ணீர் கிடைக்காத மற்ற விவசாயியின் காட்சியைத் திருப்பி எழுதுங்கள்.

— கேம் வடிவமைப்புப் பயிற்றுநர்கள், கும்பகோணம்